பவுண்டர் தம்பி

பிரிக்பீல்ட்ஸ் மமாக் கடையில் சுவரோரம் பிளக் இருக்கிற மேசை எதுவோ, அதுதான் பவுண்டர் தம்பியின் தலைமையகம். கூராங் மானிஸ் தே தாரிக் ஒன்று வாங்கினால் நான்கு மணி நேரத்துக்குக் காணும். கம்பெனியில் மொத்தம் ஒரே ஆள். லேண்டிங் பேஜில் 'எங்கள் குழு' என்று ஐந்து முகங்கள் சிரிக்கும். ஒருவர் தம்பி. ஒருவர் தங்கை, கல்யாணப் புடவையில். மீதி மூவரும் இணையத்தில் இலவசமாகக் கிடைத்த வெள்ளைக்காரர்கள்.

விற்பது இ-இன்வாய்ஸ் மென்பொருள். நல்ல நேரம்தான். மலேசியாவில் 2024 ஆகஸ்ட் 1 முதல், ஆண்டுக்கு 10 கோடி வெள்ளிக்கு மேல் வியாபாரம் செய்யும் கம்பெனிகளுக்கு மின்பட்டியல் கட்டாயமாகி, சட்டம் படிப்படியாகச் சின்ன முதலாளிகள் பக்கம் இறங்கி வந்தது. வருமான வரி வாரியம் மைஇன்வாய்ஸ் என்ற தளத்தை இலவசமாகவே வைத்திருக்கிறது. அப்புறம் எதற்குத் தம்பிக்குக் காசு கொடுக்க வேண்டும்? பக்கம் சொல்ல வேண்டிய முதல் சேதி அதுதான். அது மட்டும் அங்கே இல்லை. இரட்டைக் கோபுரப் படத்தின்மேல் கொட்டை எழுத்தில் இருப்பது: 'உங்கள் வணிகத்தின் நாளையை இன்றே திறந்திடுங்கள்.' அதுவும் ஆங்கிலத்தில். கணினியிலும் கைப்பேசியிலும் தமிழ் எழுத முரசு அஞ்சலையும் செல்லினத்தையும் உருவாக்கிய முத்து நெடுமாறன் இந்த நாட்டுக்காரர்தான். இருந்தாலும் தம்பியின் பக்கத்தில் தமிழ் 'விரைவில்' வருகிறது.

'எங்களை நம்புவோர்' வரிசையில் மச்சானின் கார் பட்டறைச் சின்னத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய வங்கியின் சின்னம். அந்த வங்கியில் தம்பிக்குச் சேமிப்புக் கணக்கு இருக்கிறது.

படிக்காதவர் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு பக்கம் அழகா இல்லையா என்று கண் 50 மில்லி வினாடியில் முடிவுகட்டிவிடுகிறது என்று கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தார் 2006-இல் கண்டதைத் தண்ணீர் பட்ட பாடாகச் சொல்வார். பணம் கட்டுமுன் வந்து நின்ற 'பதிவு செய்க' பட்டனை எடுத்துவிட்டு, 'தொடர்க' என்று போட்டதில் ஒரு கடைக்கு ஓராண்டில் 30 கோடி டாலர் கூடுதலாக வந்ததாக ஜாரெட் ஸ்பூல் எழுதியதும் அத்துப்படி. வாங்க வந்தவனை வாசலில் நிறுத்திப் பேர் ஊர் கேட்காதே என்பதுதான் அந்தக் கதை. தம்பி அதில் பட்டனை மட்டும் எடுத்துக்கொண்டார். பச்சையா, ஆரஞ்சா என்று மூன்று வாரம் ஓடியது. மென்பொருள் பாதியில் நிற்கிறது. பக்கம் மட்டும் ஏழாவது தடவையாக முடிந்துவிட்டது.

ஒரு சனிக்கிழமை கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ஏறிக் கிள்ளானில் இறங்குவார். தெங்கு கிளானா சாலையில் ஒரு மளிகைக் கடை. கல்லாவில் அங்கிள். தம்பி பக்கத்தின் முகவரியை அனுப்ப, அங்கிள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கைப்பேசியைத் தட்டுவார். பின்னணியில் ஓடவேண்டிய வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்குள் அங்கிள் அரைக் கிலோ வெங்காயம் நிறுத்து, காசு வாங்கி, மீதிச் சில்லறையும் கொடுத்துவிடுவார். அந்த 50 மில்லி வினாடியைத் தம்பி அன்று வாய் திறந்து சொல்வதில்லை.

"தம்பி, என் கடைக்கு ஒரு நாளைக்கு எரநூறு பேர் வர்றாங்க. ஒவ்வொருத்தருக்கும் இத போடணுமா? மாசக் கடைசியில மொத்தமா போட்டா ஆகாதா?"

ஆகும். பட்டியல் கேட்காத வாடிக்கையாளர்களின் விற்பனையைச் சேர்த்து, மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் ஒரே பட்டியலாக அனுப்ப விதியில் பெரும்பாலான கடைகளுக்கு இடம் உண்டு. இந்த ஒரு வரியைப் பக்கத்தின் உச்சியில் போட்டிருந்தால் அந்தச் சாலையில் பாதிப் பேர் நின்று படித்திருப்பார்கள். தம்பி அதைக் 'கேள்வி-பதில்' பகுதியில் பதினான்காவதாக, தட்டினால் மட்டும் விரிகிற மாதிரி மடித்து வைத்திருக்கிறார்.

"சூப்பர் கேள்வி அங்கிள். கீழே போங்க, கீழே... இன்னும் கீழே."

அங்கிள் போவார். பாதி வழியில் ஒரு பெட்டி எழும்பி மின்னஞ்சல் கேட்கும். அதை மூடப் பெருக்கல் குறியைத் தேடியதில் ஒரு பாக்கெட் ரசப்பொடி விற்பனை தவறும்.

"எவ்வளவுப்பா இது? வெல சொல்லு."

"வெல போடல அங்கிள். 'எங்களைத் தொடர்புகொள்ளுங்கள்'னு ஒரு பட்டன் இருக்கு பாருங்க, ஆரஞ்சு கலர்ல."

"நீதான் முன்னாலேயே நிக்கிறியே!"

"சும்மா அமுக்கிப் பாருங்க அங்கிள். பிளோ எப்படி இருக்குன்னு."

அங்கிள் அமுக்குவார். பேர், நம்பர், கம்பெனி, பதவி எல்லாம் நிரப்புவார். பதவி என்ற இடத்தில் 'முதலாளி' என்று தமிழில் அடிக்க, பக்கம் ஏற்காது. 'பாஸ்' என்று ஆங்கிலத்தில் அடித்ததும் ஏற்கும். 'எங்கள் விற்பனைக் குழு 24 மணி நேரத்துக்குள் உங்களை அழைக்கும்' என்று வரும்.

தம்பி ஒரு நிமிஷம் யோசிப்பார். பிறகு, "எக்ஸ்கியூஸ் மீ அங்கிள்," என்று கடைக்கு வெளியே அஞ்சடிக்குப் போய், சட்டையைச் சரிசெய்துகொண்டு, நம்பரை அடிப்பார். கல்லாவில் கைப்பேசி மணி அடிக்கும்.