யூஎஸ்பி கேமராப் பூத விளக்கம்

இக்கட்டுரை என்னுதலிற்றோ எனின், யூனிக்ஸ் குலத்துக் கணினிகளில் யூஎஸ்பி கேமராவைப் பிடித்துக்கொண்டு பின்னணியில் உட்கார்ந்திருக்கும் டீமனின் பிறப்பும் இருப்பும் குணக்கேடும் உணர்த்துதல் நுதலிற்று. இதற்கு முன்னூல்கள் உண்டா எனில், உண்டு. கையேட்டுப் பக்கங்கள் என்று பெயர். அவற்றை எவரும் படிப்பதில்லையாதலால் இதையே முதல்நூலாகக் கொள்க.

முதலில் பெயர்க்காரணம். 1963இல் எம்ஐடியின் புராஜெக்ட் மேக்கில் ஐபிஎம் 7094ஐக் கட்டி மேய்த்தவர்கள், யாரும் கூப்பிடாமலே வேலை பார்க்கும் நிரலுக்கு டீமன் என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் மனத்தில் இருந்தது சுடுகாட்டுப் பேய் அல்ல. 1867இல் மாக்ஸ்வெல் கற்பனை செய்த வாயிற்காவலன். இரண்டு அறைகளுக்கு நடுவே குட்டிக் கதவு, வேகமான மூலக்கூறு இந்தப் பக்கம், மந்தமானது அந்தப் பக்கம், ஓயாத உத்தியோகம். அவனை டீமன் என்றழைத்தவர் மாக்ஸ்வெல்லும் அல்லர்; 1874இல் கெல்வின். பிள்ளை பெற்றவர் ஒருவர், காதில் பெயர் ஓதியவர் இன்னொருவர்.

தமிழில் இதைப் பேய் என்பதா, பூதம் என்பதா? பேய் சொன்ன பேச்சுக் கேட்காது. பூதம் கேட்கும், ஆனால் புதையல் மேல் உட்கார்ந்தால் எழுந்திருக்காது. கேமரா விஷயத்தில் இந்தக் கடைசிக் குணமே தலையாயது என்பதால் ‘பூதம்’ என்றே பாடம் கொள்ளப்பட்டது. ‘பின்னணிச் சேவை’ என்பாரும் உளர். அதைக் கேட்டதும் யாரோ பாடப் போகிறார்கள் என்று தோன்றுவதால் தள்ளப்பட்டது.

பிறப்பு கொடூரமானது. ஒரு நிரல் தன் சாயலில் ஒரு பிள்ளையைப் பெற்றுவிட்டு உடனே சாகும். அநாதையை 1ஆம் எண் செயல்முறையான இனிட் சுவீகாரம் எடுக்கும். பிள்ளை குடும்பத்தை முறித்துக்கொண்டு தனிக்குடித்தனம் போய், இன்னொரு பிள்ளையைப் பெற்றுத் தானும் சாகும். டெர்மினலின் பிடியில் மறுபடி சிக்காதிருக்க இப்படி இரண்டு சாவு விதி. மிஞ்சிய பேரனே பூதம். அது ரூட் அடைவுக்குக் குடிபெயர்ந்து, பேச்சையும் கேள்வியையும் டெவ்-நல் என்னும் பாழுங்கிணற்றில் போட்டுவிடும். துறவறம் என்று சொல்லத் தோன்றும். துறவி கேமராவைப் பிடித்துக்கொண்டு உட்காருவாரோ எனில், இக்காலத்தில் உட்காருகிறார் என்க. லினக்ஸில் சிஸ்டம்டி என்னும் இனிட் வந்த பிறகு இந்தச் சடங்குகளுக்கு அவசியமில்லை. ‘சும்மா நில், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்கிறது. ரெஜிஸ்டர் கல்யாணம் மாதிரி.

இனிக் கடா: லினக்ஸில் 2008ஆம் ஆண்டின் 2.6.26 பதிப்பிலேயே இவ்வகைக் கேமராக்களுக்கான டிரைவர் கெர்னலுக்குள் குடிபுகுந்துவிட்டது. பிறகு தனியாகப் பூதம் எதற்கு? விடை: ஃப்ரீபிஎஸ்டிக்கு. அங்கே வெப்கேம்டி என்றொரு பூதம் உண்டு. ஃப்ரீபிஎஸ்டியின் யூஎஸ்பி அடுக்கைப் புதிதாக எழுதிய நார்வேக்காரர் ஹான்ஸ் பெட்டர் செலாஸ்கி ஏவிவிட்டது. கெர்னல் கருவறை என்றால் வெப்கேம்டி இருக்குமிடம் வாசல் திண்ணை. லினக்ஸின் டிரைவர்களைத் திண்ணையில் உட்கார வைத்து, ‘நீங்கள் இருப்பது லினக்ஸ்தான்’ என்று நம்பவைத்து வேலை வாங்குவதே இதன் சூட்சுமம். க்யூஸ் என்னும் கெர்னல் மாடியூல் நடுவே தூது போகும். நீங்கள் கேமராவின் சாதனக் கோப்பான வீடியோ0வைத் திறந்தால் கோரிக்கை உள்ளே போய், திண்ணைக்கு வந்து, பதில் வாங்கிக்கொண்டு திரும்பும். இதில் இரண்டு லாபம். திண்ணையில் ஒருவர் மயங்கி விழுந்தால் வீடு இடிவதில்லை. தவிர, லினக்ஸ் டிரைவர்களின் ஜிபிஎல் உரிமம் வேறு ஆசாரம், ஃப்ரீபிஎஸ்டியின் உரிமம் வேறு ஆசாரம். கருவறைக்குள் சம்பந்தம் செய்துகொள்ள முடியாத இரண்டு குடும்பங்கள் திண்ணையில் தாம்பூலம் மாற்றிக்கொள்ளலாம்.

பூதத்தை ஏவியும் எனக்குப் படம் வரவில்லை. அனுமதி மறுப்பு. வெப்கேம்டி என்னும் குழுவில் என்னைச் சேர்த்தேன், அப்போதும் மறுப்பு. அரை நாள் கழித்துத்தான் உறைத்தது: குழுவில் சேர்ந்தவன் ஒருமுறை லாக்-அவுட் செய்துவிட்டு வந்தால்தான் உறவு செல்லும். வாசலுக்குப் போய் உள்ளே வருகிறவனே சொந்தக்காரன்.

அடுத்த ஆய்வு லினக்ஸ் கணினியில். அதற்கு முன்னோடி ஒன்று உண்டு. 1991இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினிக் கூடத்தார், டிரோஜன் அறையில் காபி இருக்கிறதா என்று எழுந்துபோய்ப் பார்க்க அலுத்து, ஒரு கேமராவைக் காபிப் பானை மேல் திருப்பிவைத்தார்கள். 128க்கு 128 புள்ளி, கறுப்பு வெள்ளை. யூஎஸ்பியின் முதல் பதிப்பே 1996இல்தான் வந்ததால் அது இக்கட்டுரையின் எல்லைக்கு வெளியே. ஆனாலும் முன்னோர் காட்டிய வழி என்பதால், நான் தோசை மாவுச் சட்டி மேல் ஒரு கேமரா வைத்தேன். பால் பாத்திரத்துக்கு வரும் பூனைக்காக இன்னொன்று. இரண்டையும், அசைவு கண்டால் பதிவுசெய்யும் மோஷன் என்னும் பூதத்திடம் ஒப்படைத்தேன்.

முதல் கேமரா ஓடியது. இரண்டாவது, ‘சாதனத்தில் இடமில்லை’ என்றது. ஹார்டு டிஸ்க் நிறைந்துவிட்டது என்று எண்ணி, அத்தை வீட்டுக் கல்யாண வீடியோவை அழித்தேன். இடமில்லை. சீமந்தத்தையும் அழித்தேன். இடமில்லை.

உண்மையில் இடமில்லாதது பஸ்ஸில். யூஎஸ்பியின் கடைசி எழுத்து பஸ் என்பதை ஆய்வாளர்கள் போதிய அளவு கவனித்ததில்லை. யூஎஸ்பி 2.0 பஸ் நொடிக்கு 8,000 டிரிப் அடிக்கிறது. வேகம் 480 மெகாபிட் என்பதால் டிரிப்புக்கு 7,500 பைட் இடம். கேமரா மாதிரி முன்பதிவுக்காரர்களுக்கு அதில் 80 சதவீதம், அதாவது 6,000. ஒரு கேமரா அதிகபட்சமாகக் கேட்கக்கூடியது 1,024 பைட்டில் மூன்று, ஆக 3,072. பல கேமராக்கள் அனுப்பப்போவது எவ்வளவு என்று பாராமல் அதிகபட்சத்துக்கே ஜன்னல் வழியாகத் துண்டு போட்டுவிடுகின்றன. இரண்டு துண்டுக்கும் சேர்த்து 6,144. பாக்கெட்டின் தலை வால் சேர்க்காத கச்சாக் கணக்கிலேயே 144 பைட் குறைகிறது. அதற்காகத்தான் சீமந்தம் போனது. இரண்டாவது கேமராவை வேறு கன்ட்ரோலரின் துளையில் செருகினேன், இடம் கிடைத்தது.

மறுநாள் காலை அம்மா எழுப்பினார். “ஏண்டா, மாவு பொங்கி மேடையெல்லாம் வழிஞ்சு கெடக்கு. உன் பூதம் என்னடா பண்ணிட்டிருந்துச்சு?”

பதிவுகளைப் பார்த்தேன். மாவுக்கு ஒரு கோப்புகூட இல்லை. மோஷன் ஒவ்வொரு படத்தையும் தன் மனத்திலிருக்கும் பழைய படத்தோடு ஒப்பிடுகிறது. அந்தப் பழைய படத்தையும் மெல்ல மெல்லப் புதுப்பித்துக்கொள்கிறது. எனவே அவசரமில்லாமல் வீங்குகிற எதுவும் அதன் கண்ணில் அசைவு ஆகாது. பூனைக்கோ 41 கோப்புகள். அவற்றுள் 38, டியூப் லைட் மினுக்கியது.

அன்று அலுவலக வீடியோ அழைப்புக்குப் பூனைக் கேமராவைத் திறந்தால், ‘சாதனம் வேறு வேலையில் உள்ளது’ என்றது. பூதத்தைக் கொன்றேன். செத்தால் எழுப்பு என்று சிஸ்டம்டியிடம் நானே எழுதிவைத்திருந்ததால், வேதாளம் பழையபடி முருங்கை மரம் ஏறியது. கூட்டத்துக்குக் குரல் மட்டும் கொடுத்தேன். கேமராவின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. 42ஆவது கோப்பில் நான் பேசிக்கொண்டிருக்கிறேன்; பின்னால் பூனை பால் குடிக்கிறது.