கத்திரியில் மைலேஜ் குறைவதேன்? பரபக்கமும் சுபக்கமும்

சித்திரைக் கடைசியில் கத்திரி தொடங்கியதும் வேலூர், திருத்தணி வட்டாரத்துப் பழைய கார்க்காரர்களிடையே ஒரு தத்துவ விசாரம் மூள்கிறது. மார்கழியில் லிட்டருக்கு 16 கொடுத்த வண்டி இப்போது 12-க்கு இறங்கியதேன்? டீக்கடைகளில் நெடுங்காலமாக அலசப்பட்டுவரும் இந்தக் கேள்விக்கு முறையான உரை ஒன்றும் எழுதப்படாதது தமிழுக்கு நேர்ந்த குறை. அதைப் போக்குவதே நம் நோக்கம். ஆய்வுப் பொருள், 796 சி.சி., மூன்று சிலிண்டர், கார்ப்பரேட்டர் காலத்து மாருதி 800. அம்பாஸடர் தேவைப்படும் இடத்தில் சாட்சிக்கு அழைக்கப்படும். சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாச்சாரியார் வகுத்த வழியிலேயே, முதலில் பிறர் மதங்களைச் சொல்லி மறுத்துவிட்டுப் பிறகு நம் மதத்தை நிறுவுவோம்.

முதலில் ஆவிவாதிகள். வெயிலில் பெட்ரோல் ஆவியாகிவிடுகிறது, பகலில் போட்டால் அளவும் குறைகிறது, ஆகவே விடியற்காலையில் போடுக என்பது இவர்கள் கொள்கை. 10 டிகிரி சூடு ஏறினால் பெட்ரோல் ஏறத்தாழ 1 சதவீதம் உப்பும் என்பது மெய்தான். ஆனால் பங்க்கின் டேங்க் மண்ணுக்கு அடியில் கிடக்கிறது. மேலே வெயில் அடிக்கும் செய்தி அதற்குப் போய்ச் சேருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஐந்தரைக்கு அலாரம் வைத்து எழுந்து பங்க்குக்குப் போகிறவருக்குக் கூட்டமில்லாத சாலை கிடைக்கும். அதைத் தவிர வேறு லாபம் இல்லை. டேங்க் மூடியின் வாஷர் வெடித்துப்போன வண்டிக்கு மட்டும் ஆவிவாதம் ஓரளவு செல்லுபடியாகும்.

காற்றுவாதிகள் படித்தவர்கள், இவர்களை எளிதில் தள்ள முடியாது. 15 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை 1.225 கிலோ. 40 டிகிரியில் அது 1.127 கிலோதான். அதாவது 8 சதவீதம் இளைப்பு. கார்ப்பரேட்டருக்கு எடை பார்க்கத் தெரியாது. உள்ளே பாய்கிற காற்றின் இழுப்பை மட்டும் பார்த்துப் பெட்ரோலை விடும். ஆகவே கலவை 4 சதவீதம்போல ரிச்சாகிறது. சரி. ஆனால் அதே இளைத்த காற்றுதான் ஹைவேயில் காருக்கு எதிரே நின்று தடுப்பதும். அந்தத் தடையும் 8 சதவீதம் குறைகிறதே, அந்த வரவை யார் கணக்கில் வைப்பது? எப்படிக் கூட்டிக் கழித்தாலும் 16-லிருந்து 12, அதாவது நான்கில் ஒரு பங்கு வீழ்ச்சி, காற்றால் மட்டும் வராது.

கொதிவாதிகள் அனுபவஸ்தர்கள். பழைய பெட்ரோல் அம்பாஸடரை ஓட்டியவர்களைக் கேளுங்கள்: இன்ஜினோடு ஒட்டிய பம்ப் சூடேறி, குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்ளும். வண்டி நடுரோட்டில் நிற்கும். பானெட்டைத் திறந்து, ஈரத் துணியைப் பம்ப்பின்மேல் சுற்றி, புளியமர நிழலில் ஒரு பீடி பிடித்து முடித்தால் மறுபடி கிளம்பும். வண்டியை அணைத்த பிறகும் கார்ப்பரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் கொதித்து உள்ளே சொட்டும். திரும்ப ஸ்டார்ட் செய்யும்போது வரும் கரும்புகையும் நெடியும் அதன் சாட்சி. இதை ஏற்கிறோம். ஆனால் இது நின்று கிளம்பும்போது மட்டும் நேரும் நஷ்டம். (20 சதவீத எத்தனால் கலப்பும் மைலேஜைக் குறைக்கும்தான். அது மார்கழியிலும் குறைக்குமாதலால் இவ்வாய்வின் எல்லைக்குள் வராது.)

இனி சுபக்கம். வெயில் காரை நேரடியாகத் தொடுவது கொஞ்சம். கார்க்காரரைத் தொட்டு, அவர் வழியாகக் காரைத் தொடுவதே அதிகம் என்பது நம் சித்தாந்தம்.

தலையாய சான்று தெர்மோஸ்டாட் வால்வு. இன்ஜின் தண்ணீர் 80 டிகிரி சுமாருக்கு வரும்வரை அதை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுத்து நிற்பது இதன் தொழில். மே மாதம் வண்டி ஒருமுறை ஓவர்ஹீட் ஆனதும் மெக்கானிக் அதைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டுவார். "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு சார்? குளிர் நாட்டுக்காரன் வெச்சது." இந்த வாதத்தின் அழகில் மயங்காத கார்க்காரர் இல்லை. கோளாறு உண்மையில் ரேடியேட்டர் அடைப்பில் இருந்திருக்கும். வால்வு போனபின் தண்ணீர் எந்நேரமும் சுற்றிக்கொண்டே இருக்க, காலையில் கிளம்பிய இன்ஜின் சூடேறுவதற்குள் ஆபீஸ் வந்துவிடும். ஆறிய இன்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாமல் பாதி வீணாய் எரியும். பிந்தி வந்த எம்.பி.எஃப்.ஐ. வண்டியானால், அதன் கம்ப்யூட்டர் 'இன்னும் குளிர் விடவில்லை' என்று நம்பிக் கூடுதலாகவே ஊற்றும். வெளியே 42 டிகிரி அனலில், உள்ளே ஓர் இன்ஜின் குளிரில் நடுங்கிப் பெட்ரோல் குடிக்கும் இந்த விந்தை வெயிலின் குற்றமா?

அடுத்து டயர். வெயிலில் வெடித்துவிடும் என்ற பயத்தில், ஓடிச் சூடேறிய டயரை மதியத்தில் பார்த்து, காலையில் 30 வைத்தது 34 காட்டுகிறதே என்று காற்றைத் திறந்துவிடுகிறார்கள். ராத்திரி ஆறியதும் அது 26-இல் நிற்கும். மறுநாள் வண்டி உருளாது, இழுபடும். டயருக்கும் அதுதான் ஆபத்து.

பிறகு ஏ.சி. மிகுந்த வெப்பத்தில் இது மைலேஜை 25 சதவீதத்துக்கு மேலும் குறைக்கலாம் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. தேடிய நான்கில் ஒரு பங்கு இதோ அகப்பட்டது. மொத்தமே 40 குதிரைத்திறன் தேறாத வண்டியில் மூன்று நான்கு குதிரைகளைக் கம்ப்ரஸர் ஓட்டிக்கொண்டு போனால் மிச்சம் என்ன இருக்கும்?

இங்கும் கார்க்காரரின் பங்கை ஆராய வேண்டும். களம், வைகாசி முகூர்த்தத்தன்று கல்யாண மண்டப வாசல். பகல் ஒன்றரை. பாலைத் திணைக்குரிய பொழுதும் பிரிவும் இங்கே ஒருங்கே அமைகின்றன. "வண்டியை ஜில்லுன்னு வைப்பா, வந்துட்டோம்" என்று குரல் கேட்டதும் இன்ஜின் ஓட, ஏ.சி. ஓட, வண்டி நிற்கிறது. சித்தப்பா சம்பந்தியிடம் விடைபெறுகிறார். சம்பந்தியின் அண்ணனிடமும் பெறுகிறார். செருப்பைப் போட்டபின் மூத்த மகளின் ஜாதகம் பேச்சில் வருகிறது. இந்த நேரம் முழுக்க லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்றால், சுழியம். ஒருவழியாக எல்லோரும் ஏறி, கதவு மூடி, கியர் போட்டதும் சித்தி கேட்கிறார்: "ஏங்க, தாம்பூலப் பையை எங்க வெச்சீங்க?"