ஊவா மாகாணத் தீச்சுவரியல்: சில தொடக்கக் குறிப்புகள்

வீட்டுக் கணினிக்குப் பயர்வோல், அதாவது தீச்சுவர், தெரிவு செய்வது பற்றி உலகில் எழுதப்பட்டவை அனைத்திலும் ஒரு பெருங்குறை உண்டு. அவற்றை எழுதியவர்கள் ஊவாவின் மொனராகலையில் குடியிருந்தவர்கள் அல்லர். யானையை மறிக்கும் மின்வேலிக்கு உட்பக்கம் ஓரிரவுகூடத் தூங்காத ஒருவர், எதை மறிப்பது, எதை விடுவது என்று தீர்ப்புச் சொல்வது ஆய்வு நெறிக்கு ஒவ்வாது. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வெல்லை: வடக்கே பிபிலை, தெற்கே தணமல்வில, மேற்கே பசறை, லுணுகலை மலைகள், கிழக்கே சிக்னல் அறுந்துபோகும் இடம்.

துறை வல்லுநர்கள் இவ்வியலின் வரலாற்றை 1988 இலிருந்து தொடங்குவார்கள். அவ்வாண்டு நவம்பரில்தான் தானாகப் பரவும் நிரலான மொரிஸ் புழு அன்றைய சிறிய இணையத்தை முடக்கியது. பொதி வடிகட்டல், அதாவது வரும் தரவுப் பொதியைப் பார்த்து விடுவது அல்லது மறிப்பது, என்ற சொல்லாடலும் அக்காலத்தில்தான் ஆய்வேடுகளில் ஏறியது. நமது துணிபு, இது மிகப் பிந்திய காலக்கணிப்பு என்பதாகும். காடு வெட்டிச் செய்யும் சேனைப் பயிரைக் காக்கப் பரண்மேல் விடியவிடிய விழித்திருந்து, வருவது பன்றியா, யானையா, பக்கத்து வீட்டுக்காரனா என்று பார்த்து, அதற்கேற்பக் கூவியோ கூவாமலோ விட்டவர் செய்தது பொதி வடிகட்டல் அல்லாமல் வேறென்ன? அவர் ஆய்வேடு எழுதவில்லை என்பது மட்டுமே குறை. காலையில் வயலுக்குப் போக வேண்டியிருந்திருக்கும்.

நவீன காலத்துக்கு வருவோம். 2001 இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பிக்குள் ஒரு பயர்வோல் இருந்தது. ஆனால் அதை அணைத்து, யாரும் போகாத ஒரு மூலையில் வைத்திருந்தார்கள். 2003 ஆகஸ்ட்டில் பிளாஸ்டர் என்ற புழு, கணினியின் இணைய வாசல்களில் ஒன்றான 135 ஆம் போர்ட் வழியாக வந்தது. யாரும் எதையும் திறக்க வேண்டியிருக்கவில்லை, எதையும் அமுத்த வேண்டியிருக்கவில்லை. இணையத்தில் கொழுவினால் போதும், 60 விநாடியில் கணினி நிற்கப்போகிறது என்று திரையில் எண்ணிக்கை ஓடும். அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் ஜூலையிலேயே வந்துவிட்டது, போட்டவர்கள்தான் குறைவு. 2004 ஆகஸ்ட்டில் எக்ஸ்பிக்கான சேர்விஸ் பெக் 2 வந்த பிறகே பயர்வோல் தானாக இயங்கத் தொடங்கியது. மின்சாரம் கொடுக்காத வேலி யானைக்கு முதுகு சொறிய உதவும் என்பது இங்கே சிறு பிள்ளைக்கும் தெரியும். அதைக் கண்டுபிடிக்க அமெரிக்காவில் மூன்று ஆண்டு ஆகியிருக்கிறது.

தீச்சுவரியலில் ஊவாவுக்கே உரிய இரண்டு மரபுகள் உண்டு. முதலாவது, யானைவேலி மரபு. வெளியிலிருந்து வருவதை மறிப்பது மட்டுமே இதன் கவலை. இன்றைய விண்டோஸ் பயர்வோல் இம்மரபைச் சேர்ந்தது: நாம் கூப்பிடாமல் உள்ளே வருவதெல்லாம் தடை, உள்ளிருந்து வெளியே போவதெல்லாம் அனுமதி, நாம் கூப்பிட்டதற்கு வரும் பதிலுக்கும் அனுமதி. ஒரு கணினிக்கு டீசீபீ வழியில் மட்டும் 65,536 போர்ட்கள். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஒரு காம்பராவுக்கு (அறைக்கு) ஒரு வாசலே அதிகம் என்று வாழ்ந்தவர்களுக்கு இந்த எண் திகைப்பூட்டும். அத்தனையையும் காவல் காப்பது எப்படி என்று பதற வேண்டியதில்லை. எல்லாவற்றையும் மூடிவிட்டு, தேவைப்பட்டால் ஒன்றைத் திறப்பதுதான் முறை.

இம்மரபுக்குள் ஒரு பெரும் விவாதம் உண்டு. வேலியை எங்கே போடுவது? இலங்கையின் யானை வேலிகளில் பல, வனசீவராசிகள் திணைக்களக் காடும் வனத் திணைக்களக் காடும் சந்திக்கும் எல்லையில் போடப்பட்டவை. யானைக்குத் திணைக்கள எல்லை தெரியாது. ஆகவே வேலிக்கு இந்தப் பக்கமும் யானை, அந்தப் பக்கமும் யானை. காட்டைச் சுற்றி அல்ல, ஊரையும் வயலையும் சுற்றிப் போடுங்கள் என்று யானை ஆய்வாளர் பிருதுவிராஜ் பெர்னாண்டோ நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார். அவர் கணினியைப் பற்றிப் பேசவில்லை. ஆனாலும் ரவுட்டரில் பயர்வோல் இருக்கிறது, கணினியில் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைவிடச் சிறந்த பதிலை நாம் காணவில்லை. ரவுட்டர் என்பது எல்லை வேலி. பென்டிரைவில் வந்தது, கொழும்புக் கடையில் வேலை செய்யும் மகன் தீபாவளிக்குக் கொண்டுவந்த லெப்டொப்பில் வந்தது, எல்லாம் ஏற்கெனவே வேலிக்கு இந்தப் பக்கம்தான் நிற்கின்றன.

இங்கே ஓர் உள்ளூர் நுட்பத்தைப் பதிவு செய்தாக வேண்டும். புதிய வைஃபையில் சேரும்போது இது தனி வலையமைப்பா, பொது வலையமைப்பா என்று விண்டோஸில் ஒரு தெரிவு உண்டு. தனி என்றால் மற்றக் கணினிகள் நம்மைப் பார்க்கலாம், கோப்புகளைப் பகிரலாம். பொது என்றால் மறைவு. வீட்டில் இருந்தால் தனி என்று போடு என்பதுதான் வழக்கமான அறிவுரை. எழுதியவர் வீட்டுக்கு மதில் இருந்திருக்க வேண்டும். நமது லயத்தில் ஒரு ரவுட்டர் வாங்கினால் ஆறாம் காம்பராவரை கடவுச்சொல் போய்ச் சேர்வதற்கு ஒரு பொழுது போதும், அது பெரும்பாலும் மூத்த பிள்ளையின் பிறந்த திகதியாகவே இருக்கும். ஆகவே இவ்வாய்வின் உறுதியான பரிந்துரை: லயத்தில் எப்போதும் 'பொது'.

களஆய்வுக்கு மொனராகலை பஸ் தரிப்பிடத்துக்கு அருகில் உள்ள ஒரு கணினி திருத்தும் கடை பயன்பட்டது. முதன்மைத் தகவலாளி, பேரனின் ஒன்லைன் வகுப்புக்காக லெப்டொப்பைப் பொறுப்பேற்றிருந்த ஒரு பெரியம்மா.

"என்னமோ கட்டம் கட்டமா வந்து கேட்டுச்சுங்க தம்பி. சரின்னு அமுத்திட்டேன்."

"என்ன கேட்டுச்சுன்னு பாத்தீங்களா பெரியம்மா?"

"அதெ பாத்துகிட்டு இருந்தா சார் பேர் கூப்பிட்டு முடிச்சிருவாருல்ல."

இதற்குமேல் ஒரு வாதத்தை எந்தப் பாதுகாப்பு நூலும் முன்வைத்ததில்லை. 2021 இல் லுணுகலைப் பக்கத்தில் பிள்ளைகள் சிக்னலுக்காகக் காட்டில் மரத்தின்மேல் கட்டிய குடிலில் ஏறிப் படித்தார்கள். அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு எந்தக் கட்டமும் பெரிதாகத் தெரியாது. உண்மையில் பயர்வோல் காட்டிய அந்தக் கட்டத்தில் வேண்டாம் என்று அமுத்தியிருந்தாலும் வகுப்பு பெரும்பாலும் நடந்தே இருக்கும். செயலி வெளியே போய்க் கூப்பிடுவதற்கு யாரும் தடை போடவில்லை. வெளியார் கேளாமல் உள்ளே வருவதற்குத்தான் அந்தக் கட்டம் அனுமதி கேட்டது.

வேலி சரியாக இருந்தும் பயன்படாத இடம் ஒன்று உண்டு. உடவளவை நீர்த்தேக்க அணைக்கட்டு வீதியோரத்து மின்வேலிக்குப் பின்னால் யானைகள் வந்து நிற்கும். ரம்போ என்று பெயர்பெற்ற ஆண் யானை அங்கேதான் நட்சத்திரமானான். அவன் வேலியை உடைத்துத்தான் தின்ன வேண்டும் என்பதில்லை. வண்டியை நிறுத்திய பயணிகள் பழத்தை வேலிக்கு மேலால் நீட்டினார்கள். இலவச டேட்டா என்று வட்ஸ்அப்பில் வரும் லிங்க்கும், வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஓடிபீ இலக்கம் கேட்கும் குரலும் இந்த வகையைச் சேர்ந்தவை. இதற்குப் பயர்வோல் விற்பவரிடம் மருந்து கிடையாது.

இரண்டாவது, துண்டு மரபு. உள்ளிருந்து வெளியே போவதைக் காவல் காப்பது இதன் இலக்கணம். தோட்டத் தொழிலாளி ஒருவர் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் தோட்ட மேலாளரான துரை எழுதித் தரும் துண்டு வேண்டியிருந்தது. இவ்வளவு கடனைக் கட்டினால் ஆளை விடுகிறேன் என்பதே அதன் சாரம். 1921 இல் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை மலையகத்தின் வெளிச்செல் வடிகட்டி அதுதான். ஆள்களைக் கடனால் கட்டிவைத்த அந்தத் துண்டில் சிரிக்க ஒன்றுமில்லை. ஆனால் அதன் தோல்வி ஆராயத்தக்கது. ஆள்களை மேய்த்த ஒரு கங்காணியின் துண்டில் ஒரு கூட்டமே நகர்ந்தது. துண்டு கிடைக்காதவர்கள் இரவோடிரவாகப் போனார்கள். கணினியில் இதே மரபில், 2000 ஆம் ஆண்டளவில் புகழ்பெற்ற சோன் அலாம், பின்னர் வந்த கொமோடோ ஆகிய பயர்வோல்கள் ஒவ்வொரு நிரலிடமும் துண்டு கேட்டன. பிரவுசருக்குத் துண்டு கொடுத்தே ஆக வேண்டும். தீய நிரல் பிரவுசரின் தோளில் கைபோட்டுக்கொண்டு 443 ஆம் போர்ட் வழியாகப் போய்விடும். அதோடு இவை ஓயாமல் கேட்கும். எஸ்விசிஹோஸ்ட் என்ற நிரல் வெளியே போக விரும்புகிறது, விடலாமா என்றால் பெரியம்மா என்ன செய்வார்? அது யார் வீட்டுப் பிள்ளை என்று அவருக்கு எப்படித் தெரியும்? நாள்தோறும் கேட்டால் எவருக்கும் அமுத்தவே பழகிப்போகும்.

ஆயினும் ஊவாவில் துண்டு மரபு அழியவில்லை. காரணம் பாதுகாப்பு அல்ல, டேட்டா. பகலுக்கு இவ்வளவு, நடுச்சாமத்துக்குப் பின் இவ்வளவு என்று பிரித்துத் தரும் பெக்கேஜில், விண்டோஸ் அப்டேட் பட்டப்பகலில் புறப்பட்டால் மாதக் கணக்கு அன்றே முடிந்துவிடும். ஆகவே உளவு நிரல் போகட்டும், அப்டேட்டை மறி என்கிறார்கள். தலைகீழான இந்த நீதியை ஆய்வாளர் கண்டிக்கத் துணியவில்லை. கார்ட் போடும் காசு ஆய்வாளருடையது அல்ல. அதே விண்டோஸில் இது அளவிடப்படும் இணைப்பு என்று ஒரு விசை உண்டு. அதைப் போட்டால் பெரிய அப்டேட்கள் பெரும்பாலும் பொறுத்திருக்கும், பயர்வோலைச் சித்திரவதை செய்ய வேண்டாம். ஒரு நாள் இரவில் அப்டேட்டை அவிழ்த்துவிடவும் மறக்கக் கூடாது: 2017 மே மாதத்து வொனாகிரை என்ற புழு 445 ஆம் போர்ட்டில் நுழைந்து அடித்ததெல்லாம், மார்ச்சில் வந்த திருத்தத்தைப் போடாத கணினிகளைத்தான்.

தெரிவு என்று கேட்டால் விடை சப்பென்றிருக்கும். கணினியோடு வந்த பயர்வோலே போதும். லினக்ஸ் வைத்திருப்பவர் யூஎஃப்டபிள்யூ என்ற பயர்வோலை ஒருமுறை இயக்கிவிட்டுப் போகலாம். எது எங்கே போகிறது என்று பார்க்கும் ஆசை இருந்தால் கிளாஸ்வயர் என்ற செயலி படம் போட்டுக் காட்டும். கட்டங்கள் கேட்காமல் மறிக்க டைனிவோல் உண்டு. ஒரே கணினியில் இரண்டு பயர்வோலை ஒன்றாகப் போடுவது கூடாது, அவை ஒன்றையொன்று மறித்துக்கொண்டு நம்மை விட்டுவிடும். மறக்காமல் ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும், அது பல வீடுகளில் இன்னும் அட்மின் என்றே இருக்கும்.

கடையில் ஒரு கூத்து. காசு கொடுத்து வாங்க வேண்டிய பயர்வோல் ஒன்றின் களவுப் பிரதி ஒருவர் கையில் இருந்தது. அதோடு வந்த குறிப்பின் முதல் வரி, நிறுவும் முன் பயர்வோலையும் வைரஸ் தடுப்பையும் நிறுத்தவும். அவர் நிறுத்திவிட்டுத்தான் வந்திருந்தார்.

எஞ்சியிருக்கும் வினா விளையாட்டு. ஓஎல் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருக்கும் தம்பி ஒருவர், பதுளையிலிருக்கும் நண்பன் தன் கணினிக்கு வந்து விளையாட வேண்டுமென்று ரவுட்டரில் போர்ட் திறந்துவிட்டார், விண்டோஸிலும் திறந்துவிட்டார். யாரும் வரவில்லை. மொபைல் கொம்பனிகள் ஒரே வெளி முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு வைத்துக் கொடுக்கின்றன. வெளியிலிருந்து கதவைத் தட்டுபவர் கொம்பனியின் வாசலோடு நின்றுவிடுவார். ஆகையால் யானையும் வரவில்லை, நண்பனும் வரவில்லை. ஐபீவீ6 என்ற புதிய வகை முகவரி கிடைக்கும் இணைப்பில் அந்தப் பங்குவைப்பு இல்லை. அங்கே திறந்தது திறந்தே கிடக்கக்கூடும், தம்பி இன்றிரவே போய் அந்த விதியை அழித்துவிட வேண்டும்.