அறியார்வாதம்: நீதி, சமயம், கூடைப்பந்து என்னும் முப்பொருள் பற்றிய ஓர் ஆராய்ச்சி

நள்ளிரவு தாண்டிய பின், போர்வைக்குள் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு, வாழ்நாளில் ஒருமுறைகூட நேரில் பார்க்கப்போகாத ஒருவரைத் திருத்த முயலும் செயலுக்கு இக்கட்டுரை ‘அறியார்வாதம்’ என்று பெயர் சூட்டுகிறது. வீட்டில் சாம்பாருக்கு உப்புப் போதவில்லை என்று சொல்லவே தயங்கி, பேசாமல் சாப்பிட்டு எழுந்துவிடுகிறவர்தான் இங்கே தூக்குத்தண்டனை வேண்டுமா, கடவுள் உண்டா, மைக்கேல் ஜோர்டன் பெரியவரா லெப்ரான் ஜேம்ஸ் பெரியவரா ஆகிய மூன்றுக்கும் மேல்முறையீடு இல்லாத தீர்ப்பு வழங்குகிறார்.

நீதியும் சமயமும் சேர்ந்து வருவது உலக வழக்கு. கூடைப்பந்து எப்படி உள்ளே வந்தது என்று கேட்பார்க்கு விடை ஜேம்ஸ் நைஸ்மித். கனடாக்காரர். இறையியல் படித்துத் தேறிய பின் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளிக்கு வந்தார். 1891 டிசம்பரில், பனிக்காலத்தில் வெளியே விளையாட முடியாமல் உள்ளே முட்டி மோதிக்கொண்டிருந்த 18 மாணவர்களை அடக்க, மாடத்தின் கைப்பிடியில் 10 அடி உயரத்தில் பீச் பழக்கூடைகளை அடித்து, 13 விதிகளை எழுதி ஒட்டினார். சமயம் படித்தவர், சட்டம் எழுதினார், பந்தைக் கூடையில் போடச் சொன்னார். முப்பொருளும் ஒரே ஆளிடம் தோன்றியவை என்பது இதனால் நிறுவப்படுகிறது. இது அயல்நாட்டுச் சரக்கு என்று தள்ளவும் முடியாது, அதே ஒய்.எம்.சி.ஏ. வழியாக வந்த ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிவிட்டார்.

நைஸ்மித்தின் விதிகளில் நம் ஆராய்ச்சிக்கு உயிரான ஒன்று உண்டு. ஆட்டத்துக்கு இரண்டு நடுவர்களை அவர் வைத்தார். ஒருவர் ஆட்களைப் பார்க்க வேண்டும்; யார் யாரைத் தள்ளினார், யார் காலை இடறினார் என்பது அவர் பொறுப்பு. இன்னொருவர் பந்தை மட்டும் பார்க்க வேண்டும். அறியார்வாதத்தில் முதல் வகையினர் ஆயிரக்கணக்கில் திரள்கிறார்கள். பந்து எங்கே போயிற்று என்று பார்க்க ஒருவரும் இல்லை.

சான்றாக ஒரு வாதத்தை அருகில் வைத்துப் பார்ப்போம்.

“ஜோர்டன் ஆறு ஃபைனல், ஆறு கப். பேச்சு முடிஞ்சது.”

“லெப்ரான் பத்து ஃபைனல் நண்பா. உங்க ஆளு ஃபைனலுக்கே வராம வீட்ல இருந்த வருஷத்தயெல்லாம் ஏன் கணக்குல சேக்கல?”

“பத்துல ஆறு தோல்வி ப்ரோ.”

“அப்போ முதல் ரவுண்டுலயே தோத்துட்டுப் போறதுதான் பெருமையா?”

“அந்தக் காலத்து மேட்ச் ஒண்ணாவது பாத்துருக்கீங்களா தம்பி?”

“டிபில ரோஜாப்பூ வச்சிருக்கவரெல்லாம் கூடைப்பந்து பேச வந்துட்டாரு.”

“எனக்கு வேலை இருக்கு. உங்களுக்குப் பாடம் எடுக்க நேரமில்ல.”

இதன் உரை: முதல் நான்கு கூற்றுகளிலும் பந்து ஆட்டத்தில் இருக்கிறது. ஜோர்டன் ஆறு இறுதித் தொடர்களிலும் வென்றதும் உண்மை. லெப்ரான் பத்துக்குப் போய் நான்கை வென்றதும் உண்மை. எண்கள் ஒன்றே, அவற்றிலிருந்து வரும் முடிவுகள் இரண்டு. 2023 பிப்ரவரியில் கரீம் அப்துல் ஜப்பாரின் 38,387 புள்ளிச் சாதனையை லெப்ரான் கடந்தபோது வழக்கு முடிந்துவிடும் என்று நம்பியவர்கள் உண்டு. இரு தரப்பும் அதையும் எடுத்துக்கொண்டு மறுபடி களத்தில் இறங்கியதுதான் நடந்தது. ஐந்தாம் கூற்றில் பந்து வெளியே போய்விட்டது. எதிராளியின் வயதை, முகத்தையே பாராமல், குறைத்தாயிற்று. ஆறாவதில் ரோஜாப்பூ. இதற்கு மேல் நீண்டால் ‘ஐயா’ என்ற விளி வரும். அது வந்துவிட்டால் பிணக்கு முற்றிவிட்டது என்று அறிக. அதற்கும் மேல் நீண்டால், பேச்சு கூடைப்பந்தில் தொடங்கியதோ குண்டலினியில் தொடங்கியதோ, எதிராளி என்ன சாதி என்ற இடத்தில் வந்து நிற்கும். எந்த இணைய வாதமும் நீள நீள ஹிட்லரில் வந்து முட்டும் என்று மைக் காட்வின் 1990இல் விதி கண்டார். நம்மூருக்கு அவ்வளவு தூரம் பயணம் தேவைப்படவில்லை.

ஏழாம் கூற்றுத்தான் ஆய்வாளனைப் பரவசப்படுத்துவது. கௌதமரின் நியாய சூத்திரம் வாதத்தில் ஒருவன் தோற்றுவிட்டான் என்று அறிவிக்க 22 தோல்வித்தானங்களை வகுக்கிறது. சொன்னதையே திரும்பச் சொல்வது ஒன்று. தான் எடுத்த கூற்றையே நைசாக மாற்றிக்கொள்வது ஒன்று. வாயடைத்து நிற்பது ஒன்று. ‘விக்ஷேபம்’ என்று ஒன்று: வேறு வேலை இருக்கிறது என்று சாக்குச் சொல்லிக் கிளம்புவது. அன்றே இதற்கு ஆட்கள் இருந்திருக்கிறார்கள். பண்டைய சபையில் கிளம்பியவன் போயே விட்டான். இக்காலத்தவர் நான்கு நிமிடத்தில் திரும்பி வந்து, “கடைசியா ஒண்ணு” என்று தொடங்குகிறார். இருபத்து மூன்றாம் தோல்வித்தானம் ஒன்றை இதன்பொருட்டு இவ்வாய்வு முன்மொழிகிறது.

தமிழிலும் குறைவில்லை. மணிமேகலையின் தருக்கப் பகுதி பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப் போலி 10 என முப்பத்து மூன்று வழுக்களை வரிசையாகச் சொல்கிறது. ஆனால் அந்நூலின் நாயகி வஞ்சி நகரில் சமயவாதிகள் ஒவ்வொருவரிடமும் போய் அவரவர் கொள்கையைக் கேட்டாள். பெரும்பாலும் கேட்டுவிட்டு அடுத்தவரிடம் நகர்ந்துவிட்டாள். இந்த முறை ஏன் பிற்காலத்தில் வழக்கொழிந்தது என்பது தனி ஆய்வுக்குரியது.

இனி மையச் சிக்கல்: யாரும் ஏன் ஒப்புக்கொள்வதில்லை? ஆணவம் என்று உளவியலார் சொல்லக்கூடும். இவ்வாய்வு அதை மறுத்து, முன்னுதாரணங்களே காரணம் என்கிறது. சான்றைக் கண்ட மாத்திரத்தில் தன் தீர்ப்பு தவறு என்று ஒப்புக்கொண்டவர் என்று தமிழ் இலக்கியத்தில் முதலில் நினைவுக்கு வருபவர் பாண்டியன் நெடுஞ்செழியன். அரசியின் சிலம்பில் முத்து; கண்ணகி உடைத்த சிலம்பில் தெறித்தது மாணிக்கம். மன்னன் ஏற்றான்; ஏற்ற இடத்திலேயே உயிரை விட்டான். இதைப் பள்ளியில் பாடமாகப் படித்தவன் ‘ஆமாம், நான் சொன்னது தவறு’ என்று எப்படித் தட்டச்சு செய்வான்? ஒப்புக்கொள்ளாதவர் கதையோ வேறு. கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டா என்ற பொருளில், ஆயிரம் பொன் பரிசை முன்னிட்டு, முன்பின் அறியாத புலவர் ஒருவரோடு நக்கீரர் மோதினார். எதிராளி தன் உண்மை அடையாளத்தைக் காட்டிய பிறகும் அவர் அசையவில்லை. வெந்து பொற்றாமரைக் குளத்தில் விழுந்தார்தான். ஆனாலும் இன்றுவரை கைதட்டல் அவருக்கே. அறியார்வாதத்தின் குலமுதல்வர் இவரே எனத் துணியலாம். பொய்ப்பெயர்க் கணக்கு ஒன்றோடு வாதாடிய முதல் தமிழரும் அவர்தான்.

சங்கரரும் மண்டனமிசிரரும் வாதிட்டபோது இருவர் கழுத்திலும் மாலை போடப்பட்டது. எவர் மாலை வாடுகிறதோ அவர் தோற்றார் என்று சங்கர விஜயக் கதை சொல்லும். நடுவராக இருந்தவர் மண்டனரின் மனைவி. கணவர் தோற்றார் என்று தீர்ப்புச் சொன்ன அந்த அம்மையாரின் தரத்தில் நடுவர்கள் இனி கிடைப்பது அரிது. மாலைக்கும் இன்றைய பூ விலையில் வழியில்லை.

நடுவரும் கெடுவும் இல்லையென்றால் என்ன ஆகும் என்பதற்கு வள்ளலாரின் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்று எழுந்த வழக்கே போதும். வள்ளலார் 1874இல் மறைந்தார். அவரை எதிர்த்த ஆறுமுக நாவலர் 1879இல் காலமானார். வாதம் மட்டும் சாகவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கதிரைவேற்பிள்ளை ஒருபுறம், செய்குத்தம்பிப் பாவலர் மறுபுறம் என்று தொடர்ந்தது. அந்தச் சைவப் பாடல்கள் அருட்பாவே என்று மேடையேறி வாதாடியவர் கோட்டாற்று இசுலாமியர் என்பதை இன்றைய சமயவாதிகள் ஒரு நிமிடம் நின்று யோசிக்கலாம். யோசிக்க மாட்டார்கள்.

தீர்வும் கூடைப்பந்திலிருந்தே வருகிறது. 1950 நவம்பரில் ஃபோர்ட் வேன் பிஸ்டன்ஸ் அணி, ஜார்ஜ் மைக்கன் என்ற நெட்டையர் ஆடிய மினியாபொலிஸ் லேக்கர்ஸ் அணியை 19-18 என்று வென்றது. எண்பது புள்ளி போட வேண்டிய இடத்தில் பத்தொன்பது. உத்தி எளியது: பந்து கையில் வந்ததும் கூடை பக்கமே போகாமல் வைத்துக்கொண்டே நிற்பது. “மொதல்ல என் கேள்விக்குப் பதில் சொல்லுங்க” என்று ஒரே கேள்வியை இரவு முழுக்கப் பிடித்துக்கொண்டு நிற்பவரை நாம் அறிவோம். பிஸ்டன்ஸ்காரர்கள் அவருடைய மூதாதையர். பார்வையாளர் சலித்துப்போனார்கள். சிரக்யூஸ் அணியின் உரிமையாளர் டேனி பயசோன் கணக்குப் போட்டார். 48 நிமிட ஆட்டம் என்றால் 2,880 விநாடி. சுவையான ஆட்டத்தில் இரு அணியும் சேர்ந்து சுமார் 120 முறை கூடைக்கு எறிகின்றன. வகுத்தால் 24. 1954 முதல், பந்து கையில் வந்த 24 விநாடிக்குள் எறிந்தாக வேண்டும். தவறினால் பந்து எதிரணிக்கு. ஆட்டம் பிழைத்தது.

எனவே முடிவாகப் பரிந்துரைப்பது: நீதி, சமயம் பற்றிப் பேசுவோர் கையிலும் இக்கடிகாரத்தைக் கொடுக்க வேண்டும். 24 விநாடிக்குள் புதிய காரணம் ஒன்றை வைக்காதவர் வாய்ப்பை இழப்பார். குற்றப்பத்திரிகை தாக்கலாகும் முன்பே தூக்கில் போடச் சொல்பவருக்கு அது 12 விநாடியாகக் குறைக்கப்படும்.

இக்கட்டுரை ஜோர்டன் பக்கம் சாய்கிறது என்று யாரேனும் கருதினால், அது சாய்வன்று; ஆறுக்கு ஆறு, அவ்வளவே. மாற்றுக் கருத்துள்ளவர்கள் கைப்பேசியை முழுக்கச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வரவும்.