பூனைக்கு ஒரு வக்கீல்

எலியைப் பார்த்தேன் என்று மட்டும் மூன்றாவது மாடிக்காரரிடம் வாய் தவறிக்கூடச் சொல்லிவிடக் கூடாது. "எங்கே பாத்தீங்க? எத்தனை மணிக்கு? லைட் எரிஞ்சுதா?" என்று குறுக்கு விசாரணையில் இறங்கிவிடுவார். பார்த்தது எலிதான் என்று நிரூபிக்க வேண்டியது நம் பொறுப்பு. அணிலாக இருக்கலாமே என்பது அவருடைய முதல் வாதம். ராத்திரி பதினொரு மணிக்கு அணிலுக்கு மோட்டார் ரூமில் என்ன சார் வேலை என்று கேட்டால், "அதான் நானும் யோசிக்கிறேன்" என்பார்.

அவர் வீட்டில் பூனை இரண்டு. சிம்பா, லியோ. பெயரில் இரண்டுமே சிங்கம். அந்த வீட்டில்தான் போன மாதம் அரிசி மூட்டையை எலி கடித்து ஓட்டை போட்டது. சிம்பா என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்டேன். முந்தின நாள்தான் தடுப்பூசி போட்டார்களாம், உடம்பு அசதியாம். சரி, லியோ? "அவனைக் குட்டியிலேயே தாய்கிட்டேர்ந்து பிரிச்சுட்டாங்க சார். எலி பிடிக்க அம்மாதானே சொல்லித்தரணும்? பள்ளிக்கூடமே போகாத பிள்ளை." எரிச்சல் என்னவென்றால், இதில் பாதி உண்மை. பதுங்கவும் பாயவும் பூனைக்குப் பிறவியிலேயே தெரியும். பிடித்ததைக் கொன்று தின்னும் வித்தையைப் பெரும்பாலும் தாயிடம்தான் பழகிக்கொள்கிறது. வக்கீல் நன்றாகவே படித்துவிட்டு வருகிறார்.

இன்னொரு நாள் அவர் ஹாலில் உட்கார்ந்திருந்தேன். சுவரோரமாகக் கீச்சுக் கீச்சென்று ஒரு மூஞ்சூறு போயிற்று. சிம்பா ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது, மூடிக்கொண்டது. நான் திரும்புவதற்குள் வாதம் தயார்: "பிள்ளையார் வாகனம் சார். தொடமாட்டான்." மூஞ்சூறின் உடம்பு நாற்றத்துக்குப் பூனை அதைத் தின்னாது, அவ்வளவுதான் விஷயம். ஆனால் அவர் முகத்தில் தெரிந்த பெருமையைப் பார்த்தால், அடுத்த சதுர்த்திக்குச் சிம்பாவுக்கு மாலை போட்டுவிடுவார் போலிருந்தது. அடுத்த வாரமே சாக்கடை மூடிக்குப் பக்கத்தில் பெருச்சாளி வந்தது. "அது எவ்ளோ பெரிசு பாத்தீங்களா? திருப்பிக் கடிச்சா யார் பொறுப்பு?" ஆக, சின்னதாக வந்தால் தெய்வம், பெரிதாக வந்தால் ஆபத்து. நடுத்தரமாக வந்தால் அது பூனையின் தூக்க நேரம்.

ஒருநாள் ஆதாரத்தோடு போனேன். நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதியில், குப்பையைத் தரம் பிரிக்கும் கூடம் ஒன்றில் ஆராய்ச்சியாளர்கள் 79 நாள் கேமரா வைத்துப் பார்த்திருக்கிறார்கள். நூற்றுக்கு மேல் எலிகள் குடியிருந்த இடம். அங்கே திரிந்த பூனைகள் அத்தனை நாளில் கொன்றது இரண்டே இரண்டு. 2018-ல் வெளிவந்த முடிவு இது. படித்துக் காட்டியதும் மனிதர் வாடிப்போவார் என்று நினைத்தேன். முகம் அப்படி மலர்ந்தது! "பாத்தீங்களா சார், அமெரிக்கப் பூனையாலயே முடியல!" பூனை நடமாடும் நாட்களில் எலிகள் வெளியே தலைகாட்டாமல் பதுங்கிக்கொண்டன என்று அதே ஆய்வில் ஒரு வரி வருகிறது. அதையும் பிடுங்கிக்கொண்டார். "எங்க வீட்லயும் கண்ணுக்குத் தெரியாம வெச்சிருக்கான்ல, அதுக்கு என்ன சொல்றீங்க?"

பூனை எலி பிடித்ததே இல்லையா என்றால், பிடித்தது. பக்கத்துக் காலி மனையிலிருந்து ஒரு சுண்டெலியைச் சிம்பா உயிரோடு கவ்விக்கொண்டு வந்து, பால்கனி வழியாக என் ஹாலில் விட்டுவிட்டுப் போயிற்று. அது நேரே பிரிட்ஜுக்கு அடியில் போய்க் குடியேறியது. மேலே போய்ச் சொன்னால், மனைவியைக் கூப்பிட்டு, "ஏம்மா, சிம்பா சாருக்கு கிஃப்ட் கொண்டுபோய்க் கொடுத்திருக்கான்!" என்கிறார். எனக்கும் சிரிப்பு வந்தது. அன்றைக்கு ஒருநாள் மட்டும்.

சரி, நாமே ஒழிப்போம் என்றால் அதற்கும் தடை. விஷக் கட்டி வைக்கக் கூடாது. அதைத் தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடும். அதைத்தான் எந்தச் சோம்பேறிப் பூனையும் பிடிக்கும். பிடித்துத் தின்றால் பூனைக்கும் விஷம் ஏறும். நியாயம், ஒப்புக்கொண்டோம். பசை அட்டையா? மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960, பிரிவு 11 என்றார். அதுவும் சரி. எலி ஒட்டிக்கொண்டு துடிப்பதைப் பார்க்க எனக்கும் மனம் வராது. மிஞ்சியது கூண்டு. கருவாடு மாட்டி மாடிப்படிக்குக் கீழே வைத்தோம். காலையில் பார்த்தால் கருவாடும் இல்லை, எலியும் இல்லை. கூண்டுக்கு மேலே லியோ படுத்திருக்கிறது. "ராத்திரி பூரா காவல் இருந்திருக்கான் பாருங்க" என்கிறார்.

கடைசியில் எல்லாருமாகக் கூடி, குழாய் நுழையும் ஓட்டைகளைச் சிமெண்ட் பூசி அடைப்பது, ஜன்னலுக்கும் சாக்கடை வாய்க்கும் கம்பி வலை அடிப்பது என்று முடிவு செய்தோம். பென்சில் நுழையும் சந்து கிடைத்தால் சுண்டெலிக்குப் போதும். அதனால் ஒரு வீடு பாக்கி விடாமல் செய்தால்தான் பலன். பணம் கேட்கப் போனபோது அவர் சொன்னார்: "எங்க வீட்லதான் பூனை இருக்கே சார். எனக்கு எதுக்கு வலை?"

பூனைகள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வயிறு நிறைய மீன் கிடைத்தால் நானும் மூஞ்சூறைத் துரத்த மாட்டேன். என் வருத்தம் அந்தத் தட்டின் மேல். தெருப் பூனைகளுக்கென்று தினமும் இருட்டினதும் படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரு தட்டு நிறையப் பூனைத்தீனி வைக்கிறார். பூனை தின்றது போக மிச்சம் விடிய விடியக் கிடக்கிறது. அதைத் தின்ன வருவது யார் என்று எங்கள் கட்டடத்தில் எல்லாருக்கும் தெரியும், அவர் ஒருவரைத் தவிர. எலி சினைப்பட்டால் மூன்று வாரத்தில் குட்டி போட்டுவிடும், ஒரு ஈட்டுக்கு ஏழெட்டு. நாங்கள் கூண்டு வைக்கிறோம், அவர் பந்தி வைக்கிறார். மழைக்காலம் வேறு வருகிறது. எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் கால் வைத்தால் எலிக்காய்ச்சல் வரும். கீழ்த்தளத்தில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

ஆகவே சார், தெருப் பூனைகளுக்குத் தாராளமாகப் போடுங்கள். எட்டு மணிக்குத் தட்டை வைத்தால் ஒன்பது மணிக்கு எடுத்து உள்ளே வையுங்கள். அரிசியை மூடி போட்ட டின்னில் கொட்டி வையுங்கள். வலைக்கு உங்கள் பங்கு எழுநூறு ரூபாய் இன்னும் வரவில்லை.