மண்டபம் மட்டும் எங்களுடையது

ஜெனீவா மோட்டார் ஷோவின் முதல் விசேஷம், அதை நடத்திய நாட்டில் சொல்லிக்கொள்ளும்படி கார் கம்பெனி எதுவும் கிடையாது என்பதுதான். பாரிஸில் நடத்தினால் பிரெஞ்சுக்காரருக்கு முதல் மரியாதை, ஃபிராங்க்ஃபர்ட்டில் ஜெர்மானியருக்கு. ஜெனீவாவில் மாப்பிள்ளை வீடும் இல்லை, பெண் வீடும் இல்லை, மண்டபக்காரர் மட்டுமே. வாடகை வந்துவிட்டால் எல்லாரும் சம்பந்திதான்.

1905இல் உள்ளூர் விவகாரமாகத் தொடங்கிய இந்தக் கண்காட்சி 1924இல் சர்வதேசப் பட்டம் கட்டிக்கொண்டது. கூத்து என்னவென்றால், அதே ஸ்விட்சர்லாந்தின் கிழக்கே கிரௌபுண்டன் மாநிலத்தில் அப்போது கார் ஓட்டுவதே குற்றம்! 1900இல் போட்ட தடை. எடுக்கலாமா என்று வாக்கெடுப்பு வைக்க வைக்க, ஜனங்கள் சளைக்காமல் "வேண்டாம்" என்றார்கள். 1925இல்தான் மனம் இரங்கினார்கள். அதுவரை அந்தப் பக்கம் காரோடு வந்தவர் எஞ்சினை அணைத்துவிட்டு, முன்னால் குதிரையைப் பூட்டி இழுத்துப் போக வேண்டும். எத்தனை குதிரைத்திறன் என்று யாராவது கேட்டால் எண்ணியே சொல்லிவிடலாம்.

ஷோவின் உச்சக்கட்டக் கதை 1961 மார்ச்சில். ஜாகுவார் கம்பெனி இ-டைப் காரை அறிமுகம் செய்யப் பத்திரிகைக்காரர்களைக் கூட்டிவிட்டது. முதலாளி சர் வில்லியம் லயன்ஸ் காத்திருக்கிறார், காரைக் காணோம். விளம்பரப் பிரிவின் பாப் பெர்ரி இங்கிலாந்தின் கவென்ட்ரியிலிருந்து ராத்திரி முழுக்க ஓட்டிக்கொண்டு, முகூர்த்தம் தவறுவதற்குச் சற்று முன்னால் வந்து சேர்ந்தார். வந்ததும் அவசரமாகக் கழுவித் துடைத்து மேடை ஏற்றினார்கள். நம்பர் பிளேட்டில் '9600 ஹெச்.பி.' என்றிருந்தது. பதறாதீர்கள், அது வெறும் பதிவெண். கம்பெனி சொன்ன குதிரைத்திறன் 265தான். காரைப் பார்த்தவர்கள் எல்லாம் ஒரு ரவுண்டு போக வேண்டுமென்று பிடிவாதம் பிடிக்க, கவென்ட்ரிக்குப் போன் பறந்தது. சோதனை ஓட்டுநர் நார்மன் டூயிஸ், கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு, இன்னொரு காரை அதேபோல ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டிவந்தார். இன்றைக்கு இதற்கெல்லாம் மூன்று கமிட்டி, ஒரு லாரி, ஒரு காப்பீட்டு ஆலோசகர் வேண்டும்.

அப்புறம் லம்போர்கினி மியூரா வந்தது, கவுன்டாஷ் வந்தது. 2009இல் நம் டாடா நானோவும் ஐரோப்பிய உடுப்பு மாட்டிக்கொண்டு போய் நின்றது. அந்த உடுப்பு கடைசிவரை விற்பனைக்கு வரவில்லை. 2019இல் புகாட்டி ஒரே ஒரு காரைக் காட்டியது. விலை, வரி நீங்கலாக, 1.1 கோடி யூரோ. வாங்கியவர் பெயரைச் சொல்ல மாட்டோம் என்றார்கள். ஸ்விஸ் மண்ணில் நின்றுகொண்டு வேறெப்படிப் பேசுவார்கள்?

2020இல் அரங்குகள் பாதி எழும்பிய நிலையில் கொரோனா வந்தது. ஆயிரம் பேருக்கு மேல் கூடக்கூடாது என்று அரசு பிப்ரவரி 28இல் உத்தரவு போட, கட்டியதை அப்படியே பிரித்தார்கள். 2023இல் 'ஜெனீவா' ஷோ கத்தாரின் தோஹாவில் நடந்தது. 2024இல் ஊர் திரும்பினால், வந்த பெரிய கம்பெனிகளை விரல்விட்டு எண்ணலாம். அந்த மே மாதமே கடையைக் கட்டினார்கள். பாரிஸுக்கும் மியூனிக்குக்கும் கைகொடுக்க அந்தந்த நாட்டுக் கம்பெனிகள் உண்டு, எங்களுக்கு யார் இருக்கிறார் என்பது புலம்பலின் சாரம். நூறு வருஷமாக லாபம் தந்த அதே சங்கதி!

கத்தாரில் மட்டும் தொடரும் என்றார்கள். பெயரில் ஜெனீவா இருக்கும். ஜெனீவாவில்தான் ஷோ இருக்காது.