கோவேறு கழுதைக்கு அடிச்ச யோகம்

ஏலே பேராண்டி, "பொருளாதாரம் பலமா இருக்கு, யாரும் பயப்படாதீக"ன்னு சர்க்காரு சொன்னா நீ என்ன செய்யணும் தெரியுமா? வேட்டி மடியில முடிஞ்ச காசு இருக்கான்னு தொட்டுப் பாத்துக்கிடணும்.

1929 அக்டோபர் 24, நியூயார்க் பங்குச் சந்தை குப்புற விழுந்துச்சு. மறுநாளே அமெரிக்க சனாதிபதி ஹூவர் சொன்னாரு, நாட்டுத் தொழில் திடமா, செழிப்பா இருக்காம். 29-ந் தேதி விழுந்த வீழ்ச்சியைப் பாத்தா முந்தினது வெறும் ஒத்திகை.

அப்புறம் என்ன? கூட்டந்தான்! ரயில் முதலாளி, ஆலை முதலாளி, கார்க்காரர் ஹென்றி ஃபோர்டு எல்லாரும் நவம்பர்ல வெள்ளை மாளிகைக்கு வந்தாக. "கூலியைக் குறைக்காதீக"ன்னாரு ஹூவர். "ஆகட்டும்"னாக. ஃபோர்டு ஒருபடி மேல போயி, நாளுக்கு 7 டாலர்னாரு. சட்டம் உண்டா, கையெழுத்து உண்டான்னு கேக்கப்படாது, மரியாதை இல்ல பாரு! சொன்ன சொல்லுப்படி கூலி கொஞ்ச காலம் நின்ன எடத்துலயே நின்னுச்சு. வேலை பாத்த ஆளைத்தான் காணோம். 1931-ல கூலியும் இறங்கிட்டு.

1930 மே மாசம் ஹூவர், "மோசமான காலம் தாண்டிட்டு"ன்னாரு. ஜூன்ல இறக்குமதி வரியைக் கூட்டுற சட்டத்துல கையெழுத்துப் போட்டாரு. வேண்டாம்னு ஆயிரத்துச் சொச்சம் பொருளாதார வாத்தியாருக எழுதிக் குடுத்திருந்தாக. படிச்சவன் ஆயிரம் பேரு ஒத்த சொல்லுல நிக்கது லேசுல நடக்குமாலே? நடந்துச்சு. அதையும் தள்ளிட்டாரு.

அந்த வருசமே அமெரிக்காவுல ஆர்கன்சா மாநிலத்துப் பக்கம் மழை பொய்ச்சுப் போச்சு. டிசம்பர்ல நாலரைக் கோடி டாலர் கடனுக்குச் சட்டம் வந்துச்சு. விதைக்கு உண்டு, உரத்துக்கு உண்டு, கோவேறு கழுதைத் தீவனத்துக்கும் உண்டு. சம்சாரி சோத்துக்கு? அது கெடையாது. சர்க்காரு சோறு போட்டா மனுசன் குணம் கெட்டுப் போகுமாம், செஞ்சிலுவைச் சங்கம் பாத்துக்கிடுமாம். கழுதைக்குக் குணம் கெடாதோ?

இத்தனைக்கும் ஹூவர் பசி தெரியாத ஆளில்ல. முதல் உலகப் போருல பெல்ஜியம் நாட்டுக்கே சோறு போட்டுப் பேரெடுத்தவரு.

1931 சனவரியில ஆர்கன்சாவுல ஒரு சின்ன ஊருக்குள்ள நூத்துக்கணக்கான சம்சாரிக வந்து நின்னாக. ஊருப் பேரு இங்கிலாந்து, சிரிக்காத. பிள்ளைக பட்டினின்னாக. செஞ்சிலுவை ஆபீசுல மனு எழுதுற தாளே தீந்து போச்சாம். கடைக்காரக பாத்தாக. எவன் குணத்தையும் விசாரிக்காம சாப்பாட்டுச் சாமானை எடுத்துக் குடுத்து அனுப்பிட்டாக.